ஏப்ரல் ஐந்துக்குள் திருப்பி வைக்க வேண்டிய பணம்

1

ஊரில் வருடம் சித்திரையில் பிறக்கும். இங்கிலாந்தில் வரிக்கான வருடம் ஏப்ரல் ஐந்தோடு முடிகிறது. ஏன் ஐந்து, மாதக் கடைசியாக இருந்தால் என்ன என்று வந்த புதிதில் உடன் வேலை பார்த்த ஒருவரிடம் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். இந்த நாட்டில் பாதிக் கேள்விகளுக்கு அதுதான் பதில் என்பது போகப் போகத் தெரிந்தது.

இன்று ஏப்ரல் ஐந்து. காலையில் வங்கியிலிருந்து செய்தி வந்தது. வருடம் இன்றோடு முடிகிறது, வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போட வேண்டியதைப் போட்டுவிடுங்கள் என்று. இரண்டு வருடங்களாக இந்தச் செய்தி வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, வேலையும் கிடையாது. என் மனைவி செல்வி அடுப்படியில் மாவாட்டிக்கொண்டிருக்கிறாள். நான் மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது வெளிநாட்டில் அண்ணனோ தம்பியோ இருக்கலாம். அவன் என்றாவது போனில் பதறினால், அவன் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்கள். என் அக்கா கேட்கவில்லை. கேட்க விடாமல் நான் பேசினேன் என்பதே உண்மை.

2

நான் கோயமுத்தூர் பக்கம் துடியலூர்க்காரன். பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் இங்கே வந்து, ஓர் ஆஸ்பத்திரியில் கொதிகலனையும் பம்புகளையும் பார்த்துக்கொள்கிற வேலையில் சேர்ந்தேன். இன்றும் அதே வேலைதான். செல்வி ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறாள். ஒரே மகள் ப்ரீத்தி வேறு ஊரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறாள். வாரம் ஒரு முறை போனில் பேசுவாள். "சாப்பிட்டயா கண்ணு?" என்று கேட்டால், "ஆச்சுப்பா, வேற என்ன?" என்பாள். அந்த 'வேற என்ன'வுக்கு என்னிடம் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

சேமிப்புக் கணக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதுதான் கதை. இங்கே வரியில்லாச் சேமிப்பு என்று ஒரு கணக்கு உண்டு. அதில் கிடைக்கும் வட்டிக்கு வரி இல்லை. ஆனால் ஒரு வரி ஆண்டில் இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் அதில் போட முடியாது. சாதாரணக் கணக்கு என்றால், எடுத்ததை மறுபடி போடும்போது அது புதிதாகப் போட்டதாகத்தான் கணக்காகும். எங்களுடையது கொஞ்சம் நெளிவுசுளிவு உள்ளது. அதிலிருந்து பணத்தை எடுத்து, அதே வரி ஆண்டுக்குள் அதே கணக்கில் திருப்பி வைத்துவிட்டால், எடுக்கவே இல்லை என்று ஆகிவிடும். ஏப்ரல் ஐந்து தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும்.

அந்தக் கணக்கில் நாங்கள் வருடத்துக்கு இரண்டாயிரம், கூடிப்போனால் மூவாயிரம் போடுவோம். செல்வியின் ஓவர்டைம், நான் பஸ்ஸுக்குப் பதில் நடந்து மிச்சம் பிடித்தது எல்லாம் அதில்தான். அதில் பதினெட்டாயிரம் பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே சேர்ந்திருந்தது. எங்களுக்கென்று இந்த உலகத்தில் இருந்த ரொக்கம் அவ்வளவுதான்.

3

இரண்டு வருடங்களுக்கு முன் பிப்ரவரிக் கடைசியில் ஈஸ்வரி அக்கா போன் செய்தாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நான் ஐடிஐ படிக்கும்போது என் ஃபீஸுக்காக ஸ்பின்னிங் மில்லுக்குப் போனவள். காரமடையில் கட்டிக்கொடுத்தோம். மச்சான் சொந்த டெம்போவில் மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றுகிறார். ஒரே பையன் கௌதம், இன்ஜினியரிங் முடித்தவன்.

"கண்ணு, கௌதமுக்கு உங்க பக்கத்துல ஒரு காலேஜ்ல எடம் கெடைச்சிருக்குதுங்க. மே மாசம் சேரோணும். ஃபீஸ்ல பாதி கட்டிப்போட்டோம்" என்றாள்.

"நல்லதுதானுங்கக்கா."

"விசாவுக்குப் பேங்க்குல ஒரு தொகை காட்டோணுமாமா. இருபத்தெட்டு நாளைக்கு அசையாம கெடக்கோணுமாமா. மச்சான் டெம்போவ வித்தாலும் பாதிக்கு வராதுங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாங்க ஒரு பைசா எடுக்க மாட்டோம் சாமி. காட்டிப்போட்டு அப்பிடியே திருப்பி அனுப்பிப்போடறோம்."

நான் இங்கே வந்த இருபது வருடங்களில் அவள் என்னிடம் கேட்ட முதல் பணம் அது. நான் ஊருக்குப் போகும்போது கொண்டுபோகும் சோப்பையும் சாக்லேட்டையும்கூட, "எதுக்குங்க கண்ணு செலவு" என்று சொல்லித்தான் வாங்குவாள். நான் உடனே சரி என்றேன். அந்தப் பெருமையை ஏன் மறைக்க வேண்டும், எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

செல்வி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "குடுங்க. ஆனா வருசம் முடியறதுக்குள்ள திரும்ப வெச்சிருங்க. அது மட்டும்தான் நம்முளுது."

4

வங்கிக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்த பிறகு ஒரு பெண் வந்தாள். விதிகளையெல்லாம் வாசித்துவிட்டு, "தொடர்வதில் உங்களுக்கு மகிழ்ச்சிதானே?" என்று கேட்டாள். இங்கே அது வெறும் சம்மதம் கேட்கிற வாசகம். எனக்கு அது தெரியாததில்லை. ஆனாலும் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது, கொஞ்சம் பயமாக இருக்கிறது" என்றேன். அவள் தடுமாறி, உங்களை யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். மோசடிப் பிரிவுக்கு இணைப்பை மாற்றினாள். அங்கே மறுபடி பிறந்த தேதி, அம்மாவின் பெயர், பணம் யாருக்கு என்று எல்லாம் கேட்டார்கள். என் அக்காவுக்கு என்றேன். அக்காவை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டான் அங்கே பேசிய பையன்.

பதினெட்டாயிரத்தையும் ஒரே நாளில் அனுப்ப, ஊருக்குப் பணம் அனுப்ப நான் வைத்திருந்த ஆப்பில் அனுமதி இல்லை. புதன்கிழமை முதல் பாதியை அனுப்பினேன், அன்றே போய்ச் சேர்ந்தது. மறு பாதியை அனுப்ப ஆப் அனுமதித்தது வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை யாருக்கும் காசு எடுத்துக் கொடுக்க மாட்டோம். கடைக்காரருக்குப் பாக்கி என்றால்கூட சனிக்கிழமை காலையில்தான் போகும். இத்தனை வருடம் மாட்டுக்கறி விற்கிற கடையில் பால் வாங்கியிருக்கிறேன், கொதிகலன் பழுதானால் கிருத்திகை அன்றும் வேலைக்குப் போயிருக்கிறேன். எந்தப் பழக்கமும் என்னிடம் மிச்சம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பட்டனை அமுக்கக் கை வரவில்லை. பையன் படிக்கப் போகிற காசு, நல்லபடியாகப் போகட்டும் என்று சனிக்கிழமை காலையில் அனுப்பினேன். நடுவில் ஞாயிறு வந்ததால் அக்காவின் கணக்கில் திங்கட்கிழமைதான் ஏறியது.

இருபத்தெட்டு நாளை நான் புதன்கிழமையிலிருந்து எண்ணினேன். முழுத் தொகையும் இருந்தால்தான் நாள் கணக்கு ஆரம்பிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் திங்கட்கிழமையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

5

மார்ச் மூன்றாவது வாரத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்காவுக்கு நாலு முறை போன் செய்தேன். மழை பெய்ததா என்று கேட்டேன். மச்சானின் டெம்போவுக்கு டயர் மாற்றியாகிவிட்டதா என்று கேட்டேன். ரங்கநாதர் கோயில் தேரைப் பற்றிக்கூடப் பேசினோம். பணத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. மூத்தவளிடம் கொடுத்த காசை எப்போது தருவாய் என்று கேட்பது எங்கள் பக்கத்தில் அவமானம். கேட்கிறவனுக்கும் அவமானம், கேட்கப்படுகிறவளுக்கும் அவமானம்.

அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு தடவை மட்டும், "கண்ணு, உங்களுக்கு ஏதாச்சும் அவசரமுங்களா?" என்று கேட்டாள். "சேச்சே, இல்லைங்கக்கா, சும்மாதான் போட்டேன்" என்றேன். அன்று ஆமாம் என்று சொல்லியிருந்தால், எத்தனை நாள், எந்தத் தேதி என்று இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணியிருப்போம். சண்டைகூட வந்திருக்காது.

ஏப்ரல் முதல் வாரத்தில் வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எடுத்த தொகையை ஐந்தாம் தேதிக்குள் திருப்பி வைக்காவிட்டால், வரியில்லாத் தகுதியோடு திருப்பி வைக்கிற உரிமையை இழந்துவிடுவீர்கள் என்று தடித்த எழுத்தில் இருந்தது. 'இழந்துவிடுவீர்கள்' என்ற அந்தச் சொல் என் கண்ணைக் குத்தியது. நான் படித்த மொழி வேறு, பிழைக்கிற மொழி வேறு. அரசாங்கக் கடிதம், வங்கிக் கடிதம் என்றால் இன்றும் முழுதும் படிப்பதற்குள் பாதியிலேயே பயந்துவிடுவேன். ப்ரீத்தியிடம் கேட்டிருக்கலாம். அவளுடைய தொழிலே அதுதான். ஆனால் அத்தையின் பையனுக்காகச் சேமிப்பை வழித்து அனுப்பினேன் என்று அவளிடம் சொல்ல எனக்குக் கூச்சம். செல்வி கடிதத்தைப் பார்த்துவிட்டு மடித்து என் பக்கமாகத் தள்ளினாள்.

6

நாலாம் தேதி வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஆஸ்பத்திரியின் கொதிகலன் அறைக்குள் நின்றுகொண்டு அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே பொழுது சாய்ந்திருக்கும். இயந்திரச் சத்தத்தில் நான் கத்தித்தான் பேசினேன். சத்தத்துக்காகக் கத்தினேனா, கோபத்தில் கத்தினேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அக்கா, அந்தக் காசு எனக்கு நாளைக்கே வேணும்."

"நாளைக்கேங்களா?"

"நாளையோட இங்க வருசம் முடியுது. நாளைக்குள்ள திரும்பி வைக்கலைன்னா எல்லாம் போச்சு. நீங்க சும்மா இருந்தா ஆகாதுக்கா. இருபத்தெட்டு நாளுக்குத்தானே கேட்டீங்க, அது முடிஞ்சு போச்சுல்ல?"

 அவள் மெதுவாக, "எல்லாமேங்களா கண்ணு? உங்க மொத்தச் சேமிப்புமேங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா. மொத்தமும்" என்றேன்.

"செரிங்க. நீங்க கவலப்படாதீங்க. காத்தால பேங்க்கு தெறந்ததும் நானே போறேன்."

இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை என்றும் சொல்லவில்லை. எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை. ஒரு மாதத்துக்கு முன் வெள்ளிக்கிழமை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான் நான். என் காசு திரும்பி வர வேண்டும் என்றதும் கிழமையெல்லாம் மறந்துவிட்டது. போனை வைத்துவிட்டு, டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சோற்றை நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

7

வெள்ளிக்கிழமை முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பணம் வரவில்லை. இங்கே ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நொடியில் போகிறது, அதனால் அங்கிருந்தும் அப்படியே வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஐந்தாம் தேதி முடிந்தது. பணம் அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

அக்காவிடம் பேச முகமில்லை. அன்று மாலை கௌதமைக் கூப்பிட்டேன்.

"அம்மா அனுப்புனது வந்துருச்சுங்களா மாமா?" என்றுதான் முதலில் கேட்டான்.

"வந்துருச்சு மாப்ள. விசாவுக்கு எழுதிப் போட்டாச்சா?"

"இல்லைங்க மாமா. அது இனி போட முடியாதுங்க."

அவனிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. பணம் எடுக்கப்பட்டது இருபத்தாறாவது நாள். அவன் வீட்டில் இல்லாத நேரத்தில் அக்கா தனியாகக் கிளம்பியிருக்கிறாள். காரமடைக் கிளையில், வெளிநாட்டுக்கு அனுப்புவது என்றால் கோயமுத்தூர் மெயின் கிளைக்குப் போக வேண்டும் என்றிருக்கிறார்கள். அங்கே போனால், இவ்வளவு பெரிய தொகை வெளியே போவதால் முன்கூட்டியே ஒரு வரி பிடிப்போம், பிறகு கணக்குக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றார்களாம். அந்த வரியை என் பணத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்ல அவளுக்கு மனமில்லை.

"அப்புறம் அதுக்குக் காசு?"

"கையில இருந்த வளையலக் கழட்டி அங்கயே நகைக்கடன் வாங்கிப்போட்டுதுங்க."

"நீ தடுத்திருக்கலாமே மாப்ள. ரெண்டு நாளுதானே?"

"எனக்குப் பேங்க்குலருந்து மெசேஜ் வந்தப்பறந்தான் தெரியுமுங்க மாமா. ஊட்டுக்கு வந்து கேட்டேன். மாமனோட இருவது வருசச் சம்பாத்தியம் நம்முளால போயிருமாமா, அதுக்கு முன்னால உன்ற படிப்பு பெருசான்னு கேட்டுச்சு. அதுக்கு நான் என்னத்தச் சொல்றதுங்க." பிறகு அவனே, "உடுங்க மாமா" என்றான்.

மறுபடி பணம் அனுப்பி முதல் நாளிலிருந்து எண்ணினால், கல்லூரி சொன்ன கடைசித் தேதி தாண்டிவிடும். கட்டிய ஃபீஸில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். அடுத்த வருடத்துக்கு இப்போதே அனுப்பட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "வேண்டாமுங்க கண்ணு. உங்களுக்குச் செரமம். அவனுக்கு இங்கயே ஏதாச்சும் பாத்துக்கறோம்" என்றாள். குரலில் வருத்தமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

8

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ப்ரீத்தி வந்திருந்தாள். ஐந்தாம் தேதி தவறிவிட்டதை வேறு வழியில்லாமல் அவளிடம் சொன்னேன். எவ்வளவு நஷ்டம் என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் ரொட்டியை மென்றுகொண்டே கேட்டாள்.

"எடுத்தது எவ்வளவுப்பா?"

"பதினெட்டாயிரம்."

"வருசத்துக்கு எவ்வளவு புதுசா போடுவீங்க?"

"ரெண்டாயிரம். நல்ல வருசம்னா மூணு."

"ஆறாம் தேதி புது வருசம் வந்தாச்சுல்ல? புதுசா இருபதாயிரம் அலவன்ஸ் வந்திருக்கும். அதுல இந்தப் பதினெட்டப் போடுங்க. மேல ரெண்டாயிரம் போட எடம் இருக்கு." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நிறைய பணம் வெச்சிருக்கறவங்களுக்குத்தான்ப்பா அந்த டேட் முக்கியம். உங்களுக்கு என்ன போச்சு? ஒண்ணும் போகல."

ஒன்றும் போகவில்லை. அவள் என் போனை வாங்கி, அதிலேயே கணக்கைத் திறந்து, இரண்டு நிமிடத்தில் பணத்தைப் போட்டுக் காட்டினாள். பழையபடி அதே கணக்கு, அதே வட்டி, வரி இல்லை. ஐந்தாம் தேதிக்குள் வைத்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். செல்வி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அக்காட்ட யாரு சொல்றது?" என்றாள்.

"ஏம்ப்பா, என்கிட்ட முன்னாடியே கேட்டிருக்கலாமே?" என்று உள்ளேயிருந்து ப்ரீத்தி கேட்டாள். அவள் குற்றம் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். கௌதமின் கதையை அவளிடம் நாங்கள் சொல்லவே இல்லை. சொன்னால், அத்தை ஏன் இரண்டு நாள் வேண்டும் என்று சொல்லவில்லை என்பாள். அதற்கு நான் என்ன விளக்கம் கொடுப்பது? இந்தப் பிள்ளைக்குப் புரிகிற மொழியில் அதைச் சொல்ல எனக்கு வராது.

9

போன ஐப்பசியில் ஊருக்குப் போனேன், தனியாக. விமானத்தில் பத்து மணி நேரம், அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நான் பயந்தது தப்பு, அந்தத் தேதியில் ஒன்றுமே இல்லை, உங்கள் பையனின் படிப்பை ஒன்றுமில்லாததற்காகக் கெடுத்துவிட்டேன், செருப்பால் அடியுங்கள் என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். அவள் திட்டினால் காலில் விழவும் தயாராக இருந்தேன்.

காரமடையில் மச்சான் மண்டிக்குப் போயிருந்தார். கௌதம் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்போது ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் எதை விட்டுவிட்டு வந்தேனோ அதே வேலை. அக்கா அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருந்தாள். பரிமாறும்போது அவள் கையில் இரண்டு கண்ணாடி வளையல்கள் கிடந்தன. வங்கியில் பிடித்த வரியைத் திரும்பக் கேட்டு எழுதிப்போட்டிருக்கிறார்களாம், இன்னும் வரவில்லையாம். வந்ததும் நகையை மீட்டுவிடலாம் என்று அவளாகவே சொன்னாள்.

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணு, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமுன்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருக்கறனுங்க."

"கேளுங்கக்கா."

"அந்தக் காசு வந்துருச்சுன்னு கௌதமு சொன்னான். ஆனா நேரத்துக்கு வந்துச்சுங்களா? மெயின் பேங்க்குல இருந்த புள்ள, ரண்டு மூணு நாளாகும்னு சொல்லுச்சு. நான் அங்கயே உக்காந்துட்டனுங்க. போன்ல கேக்கறதுக்குப் பயமுங்க. எல்லாம் போயிருச்சுக்கான்னு நீங்க சொல்லிப்போட்டா, நான் எப்பிடிக் கண்ணு தாங்கறது?"

சோற்றில் கை வைத்தபடி அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றரை வருடமாக அவள் தன் பையனை நினைத்து அழவில்லை, என் கணக்கை நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். விமானத்தில் சேர்த்து வைத்ததையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன்.

"வந்துருச்சுக்கா" என்றேன். "நேரத்துக்கே வந்துருச்சு. ஒண்ணும் போகல."

அக்கா கண்ணை மூடி, கையெடுத்து ஒரு கும்பிடு போட்டாள். "அது போதுஞ் சாமி" என்றாள். "நான் பண்ணுனது வீணாப் போகல." நெய்க் கிண்ணத்தை எடுத்து, போதும் போதும் என்று நான் சொல்லச் சொல்ல, என் சோற்றில் ஊற்றினாள்.